பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போடலாமா?

பழையபெட்டி:

வணக்கம். என்னிடம் ஒரு பென்டியம் 4 டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் 865 சிப்செட் போர்டு, 1 ஜிபி ராம், 80 ஜிபி ஐடிஇ (அகலமான ரிப்பன் கேபிளில் மாட்டும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. தூக்கிப் போட வேண்டியதுதானே என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இதில் ஒரு பழைய ஃபிலிம் ஸ்கேனர் மாட்டியிருக்கிறது, அதன் டிரைவர் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது, மென்பொருள் வந்த சிடியும் எங்கோ தொலைந்துவிட்டது. அதனால் விண்டோஸைப் புதிதாகப் போடும் பேச்சுக்கே இடமில்லை. இருப்பதை அப்படியே தூக்கி வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும்.

பத்து நாளாக டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. எப்போதும் இல்லை, சில ஃபைல்களைத் திறக்கும்போது மட்டும். அப்போது திரை அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டுப் பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். அகலமான ரிப்பன் கேபிள் சொருகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், போர்டின் ஓரமாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு சின்ன சாக்கெட். சாட்டா1, சாட்டா2 (ஐடிஇக்குப் பின் வந்த இணைப்பு வகை) என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை, உள்ளே தூசி அடைத்துக் கிடக்கிறது.

இதில் இப்போது கிடைக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டி (சுழலும் பகுதி இல்லாத டிஸ்க்) வேலை செய்யுமா, அல்லது ஐடிஇ கேபிளிலேயே மாட்டும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லதா? பவர் சப்ளையில் பழைய நான்கு கம்பி மோலெக்ஸ் முனைகள் மட்டும்தான் இருக்கின்றன. இவ்வளவு செய்தும் வேகம் கூடாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

திருகாணி:

முதலில் அந்தப் பெட்டியை ஆஃப் செய்யுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

டக் டக் என்றால் உள்ளே படிக்கும் தலை ஒரு இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பித் திரும்பி முயல்கிறது என்று அர்த்தம். திரை அரை நிமிடம் நிற்பதும் அதனால்தான். இந்த நிலையில் நிறையப் பேர் செய்யும் தப்பு, செக் டிஸ்க் ஓட விடுவது. அது 80 ஜிபியையும் தடவித் தடவிப் பார்க்கும், கெட்ட இடத்தைக் கண்டால் ஃபைல் அமைப்பையே திருத்தி எழுதும், சாகப்போகிற டிஸ்க்குக்கு அது கடைசி உதை. டீஃப்ராக் பக்கமும் போகாதீர்கள்.

உங்களிடம் வேறு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். யுஎஸ்பி–ஐடிஇ கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். கூடவே தனி பவர் அடாப்டர் வருகிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி 5 வோல்ட்தான் தரும். டிஸ்க்கின் பின்னால் உள்ள ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள். எந்த இடம் மாஸ்டர் என்பது டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கரிலேயே படம் போட்டிருக்கும். நல்ல கம்ப்யூட்டரை பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் பூட் செய்து, குனு டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜ் ஃபைலாக எடுங்கள். அது முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு, சண்டித்தனம் செய்யும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும். எதுவரை படித்தாயிற்று என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் சாதாரண க்ளோன் மென்பொருள்கள் முதல் கெட்ட செக்டரிலேயே கையை விரித்துவிடும், அதனால்தான் இதைச் சொல்கிறேன். 80 ஜிபிதான், ஒரு ராத்திரி வேலை.

இமேஜ் கையில் வந்த பிறகு எஸ்எஸ்டி பற்றிப் பேசுவோம்.

மின்னல்வேகம்:

சாட்டாவே பழசாகிவிட்டது. ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் (சாட்டாவைவிட வேகமான புது வகை) அதற்கான கார்டும் வாங்கி ஸ்லாட்டில் சொருகிவிட்டால் ஒரேயடியாக வேலை முடிந்ததே?

கம்பிச்சுருள்:

@மின்னல்வேகம், எந்த ஸ்லாட்டில்? 865 போர்டில் இருப்பது பிசிஐயும் ஏஜிபியும்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2004-இல் 915 சிப்செட்டோடுதான் டெஸ்க்டாப்புக்கு வந்தது. அப்படியே ஸ்லாட் இருந்தாலும் அந்தக் காலத்து பயாஸுக்கு (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது, அதிலிருந்து பூட் ஆகாது, எக்ஸ்பிக்கு அதற்கான அதிகாரப்பூர்வ டிரைவரும் கிடையாது. நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இந்தப் பெட்டிக்கு அது எட்டாது.

@பழையபெட்டி, வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் போர்டில் இருக்கும் ஐசிஎச்5 சிப்பின் சாட்டா முதல் தலைமுறை, அதாவது 1.5 ஜிகாபிட், வினாடிக்கு அதிகபட்சம் 150 எம்பி. இப்போதைய எஸ்எஸ்டி 600 எம்பி வரை போகும் இணைப்பில் ஓடக் கூடியது. அதைப் பார்த்து 'நாலில் ஒரு பங்குதானே கிடைக்கிறது, வீண்' என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பழைய டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, வினாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய செக்டர் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக ஒரு 9. ஆக ஒரு சின்ன ஃபைலைத் தேடி எடுக்க 13 மில்லி வினாடி, வினாடிக்கு எழுபத்தைந்து தடவைதான் முடியும். எக்ஸ்பி பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கிறது, அந்த நேரமெல்லாம் இப்படித்தான் போகிறது. எஸ்எஸ்டியில் இதே தேடல் ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு. நீங்கள் உணரப்போகும் வேகம் இங்கேதான், கேபிளில் இல்லை. கேபிள் பழைய ஐடிஇயாகவே இருந்தாலும் வித்தியாசம் தெரியும். ஆனால் ஸ்கேன் செய்த படத்தை மென்பொருள் சரிசெய்யும் நேரம் பிராசஸர் வேலை, அதில் ஒரு நொடிகூடக் குறையாது.

பவர் பற்றி ஒரு எச்சரிக்கை. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்கும்போது சாட்டா முனையைத் திருப்பிப் பாருங்கள். கம்பிகளைச் சுற்றி பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி ஒரே கட்டியாக வார்த்திருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். கம்பிகள் தனித்தனியாகக் கவ்வப்பட்டு, பின்னால் மூடி போட்டது போல இருப்பதை எடுங்கள். வார்த்த வகையில் உள்ளே கம்பிகள் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் வெளியே தெரியாது, நாளடைவில் 12 வோல்ட்டும் தரையும் தொட்டுக்கொள்ளும். எனக்கு நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் பெட்டியிலிருந்து மீன் கருகின மாதிரி நாற்றம், பக்கத் தகட்டைக் கழற்றினால் டிஸ்க்கின் பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்து நிற்கிறது. டிஸ்க்கும் அதோடு போயிற்று. கேபிள் பேர் இல்லாத சரக்கு, யாரைப் போய்க் கேட்பது.

2.5 அங்குல எஸ்எஸ்டி 5 வோல்ட் மட்டுமே எடுக்கும், மோலெக்ஸில் 3.3 வோல்ட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

நீலத்திரை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் தொடவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து அழாதீர்கள்.

எக்ஸ்பியை ஐடிஇ போர்ட்டில் வைத்து நிறுவியிருக்கிறீர்கள். அதன் நினைவில் பூட் டிஸ்க் என்றால் அந்த ஐடிஇ கன்ட்ரோலர்தான் (போர்டில் டிஸ்க்கோடு பேசும் பகுதி). அப்படியே க்ளோன் செய்து சாட்டா போர்ட்டில் மாட்டினால் அது வேறு கன்ட்ரோலர், ஆரம்பத்திலேயே அதற்கான டிரைவர் எழுந்து நிற்காது, லோகோ வந்து ஒரு விநாடியில் நீலத்திரை, 7பி என்று முடியும் பிழை எண். என் பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

வழி இருக்கிறது. பயாஸில் சாட்டா போர்ட்டை முதலில் எனேபிள் செய்யுங்கள், மோட் என்ஹான்ஸ்டு என்று வையுங்கள். உங்கள் சிப்பில் ஏஎச்சிஐ (சாட்டாவின் புதிய இயக்க முறை) கிடையாது, அதனால் தனி டிரைவரை ஃப்ளாப்பியில் கொடுக்கும் எஃப்6 தொல்லை இல்லை, எக்ஸ்பியிடம் இருக்கும் சாதாரண டிரைவரே போதும். பிறகு பழைய டிஸ்க்கிலிருந்தே ஒரு தடவை பூட் செய்யுங்கள். புதிய வன்பொருள் கிடைத்தது என்று மூலையில் சொல்லி டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு க்ளோன் எடுத்தால் சாட்டாவில் பூட் ஆகும்.

திருகாணி:

@நீலத்திரை, விஷயம் சரி. ஆனால் சாகக் கிடக்கிற டிஸ்க்கிலிருந்து பூட் செய் என்று சொல்வது எப்படி? ஒவ்வொரு தடவை சுழல விடும்போதும் ஆபத்து. எக்ஸ்பி பூட் ஆகும்போது சும்மா படிக்காது, லாக், பேஜ் ஃபைல் என்று எழுதிக்கொண்டே இருக்கும்.

நீலத்திரை:

இமேஜ் எடுத்த பிறகுதான் பூட் செய்யச் சொன்னேன்.

சரி, நான் அந்த வரியை எழுத மறந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். முதலில் இமேஜ். அது இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

பழையபெட்டி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன், நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

டிடிரெஸ்க்யூ கிட்டத்தட்ட முழுவதையும் எடுத்துவிட்டது. 212 கேபி மட்டும் வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தது, முதல் சுற்று விடிவதற்குள் முடிந்துவிட்டது, மிச்சம் இருந்த சின்னத் துண்டுகளோடு அடுத்த நாள் மத்தியானம் வரை மல்லுக்கட்டியது. ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் திறக்கின்றன.

கெட்டது என்னவென்றால் நான் அவசரப்பட்டேன். இமேஜை நேராக 240 ஜிபி எஸ்எஸ்டியில் எழுதி, சாட்டா1-இல் மாட்டி, பயாஸில் என்ஹான்ஸ்டு என்று மாற்றி ஆன் செய்தேன். பயாஸ் எஸ்எஸ்டியின் பெயரை எழுத்துப் பிசகாமல் காட்டியது. ஆஹா என்று நினைத்து முடிப்பதற்குள் நீலத்திரை. 7பி. நீலத்திரை அவர்கள் சொன்னது அச்சு அசலாக.

சரி, பழைய டிஸ்க்கை ஒரு தடவை பூட் செய்துவிடலாம் என்று அதை மாட்டினேன். இப்போது அது சுழலவே மாட்டேன் என்கிறது. கையை வைத்துப் பார்த்தால் லேசாக ஒரு அதிர்வு, ஒரு 'கிர்', அவ்வளவுதான். இமேஜ் எடுத்துவைக்கச் சொன்ன புண்ணியவான் திருகாணி நன்றாக இருக்க வேண்டும். இப்போது என்ன செய்வது?

கம்பிச்சுருள்:

நீங்கள் முதல் பதிவில் கேட்ட கன்வெர்ட்டருக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. எஸ்எஸ்டியின் பின்னால் மாட்டும் சாட்டா–ஐடிஇ கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். அதே பலகை இரண்டு திசைக்கும் வரும், சிலவற்றில் ஜம்பரை மாற்ற வேண்டும், எஸ்எஸ்டியை ஐடிஇ கேபிளில் மாட்டுகிற திசை உங்களுக்கு. எஸ்எஸ்டியை அதன் வழியாகப் பழைய டிஸ்க் இருந்த அதே ரிப்பன் கேபிளில் மாட்டுங்கள், கூட வேறு டிரைவ் இருந்தால் தற்காலிகமாகக் கழற்றிவிடுங்கள், இந்தப் பலகைகளில் சில பக்கத்தில் ஆள் இருந்தால் முரண்டு பிடிக்கும். எக்ஸ்பியைப் பொறுத்தவரை அது அதே பழைய ஐடிஇ டிஸ்க்தான், பேசாமல் பூட் ஆகும். பயாஸில் சாட்டா எனேபிள் ஆகியே இருக்கட்டும், போர்ட்டில் ஒன்றும் மாட்டாவிட்டாலும் கன்ட்ரோலர் எக்ஸ்பி கண்ணுக்குத் தெரியும், டிரைவர் போட்டுக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் அது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, ஷட் டவுன் செய்து, கன்வெர்ட்டரைக் கழற்றி, எஸ்எஸ்டியை நேராக சாட்டா1-இல்.

கன்வெர்ட்டரிலேயே காலம் தள்ளலாமே என்றால் தள்ளலாம், தப்பில்லை. ஐசிஎச்5-இன் ஐடிஇ 100 எம்பி வரை போகும், ரிப்பன் 80 கம்பி வகையாக இருக்கும் பட்சத்தில். 40 கம்பி என்றால் 33-க்கு இறங்கிவிடும். ஆனால் நடுவில் இன்னொரு பலகை, இன்னொரு பவர் முனை, கெட்டுப்போக இன்னொரு பொருள். போர்டிலேயே போர்ட் இருக்கும்போது எதற்கு.

நீலத்திரை:

இதை நான் யோசிக்கவில்லை. நல்ல வழி.

கூட இரண்டு விஷயம். எஸ்எஸ்டி பார்ட்டிஷனை 4கே (4096 பைட்) எல்லைக்கு அலைன் செய் என்று இணையத்தில் நிறையப் படிப்பீர்கள். எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் தொடங்கும், 63-ஐ ஒரு செக்டரின் 512 பைட்டால் பெருக்கினால் 32,256, அது 4096-ஆல் மீதியின்றி வகுபடாது, அதனால் எழுதும்போது எஸ்எஸ்டிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. உண்மைதான். ஆனால் உங்கள் நிலையில் நான் தொட மாட்டேன். எக்ஸ்பி டிரைவ் எழுத்துகளை டிஸ்க்கின் அடையாள எண்ணையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பார்ட்டிஷனை நகர்த்தினால் சி டிரைவ் வேறு எழுத்தாகிப் போகலாம், அப்புறம் லாகின் திரை வரும், உள்ளே போகும், உடனே வெளியே தள்ளும், திரும்ப வரும். ஸ்கேனர் ஓட்டுகிற பெட்டிக்கு அந்த வம்பு வேண்டாம்.

அடுத்தது, 240 ஜிபி இருக்கிறதே என்று பார்ட்டிஷனைப் பெரிதாக்காதீர்கள். எக்ஸ்பியில் டிரிம் கிடையாது, எந்த ஃபைல் அழிக்கப்பட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்ல ஆளில்லை. 80 ஜிபியை அப்படியே விட்டு மீதியைக் காலியாக வைத்தால், அந்த 160 ஜிபி எஸ்எஸ்டி தன் உள் வேலைகளுக்குப் புழங்கிக்கொள்ளும் இடமாகிவிடும். 137 ஜிபிக்கு மேல் போனால் சில பழைய பயாஸும் விண்டோஸும் தடுமாறும் எல்லைத் தகராறும் கிட்டே வராது.

பழையபெட்டி:

ஓடுகிறது!

கன்வெர்ட்டரில் முதல் தடவை பயாஸே கண்டுபிடிக்கவில்லை, பயந்துவிட்டேன். ரிப்பனின் நடு முனையில் சொருகியிருந்தேன். கறுப்பு முனைக்கு மாற்றியதும் வந்தது. எக்ஸ்பி உள்ளே போனதும் மூலையில் அந்த மஞ்சள் பலூன், புதிய வன்பொருள், பிறகு மறுபடி தொடங்கவா என்று கேட்டது. டிவைஸ் மேனேஜரில் முன்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு கன்ட்ரோலர். ஷட் டவுன் செய்து நேராக சாட்டா1-இல் மாட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், லோகோவுக்குக் கீழே அந்த நீலக் கட்டைகள் மூன்று தடவைகூட ஓடவில்லை, டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஸ்கேனர் மென்பொருள் திறந்தது, ஒரு நெகட்டிவை ஸ்கேன் செய்தும் பார்த்துவிட்டேன். கம்பிச்சுருள் சொன்னது போலவே ஸ்கேன் நேரம் அதேதான்.

எஸ்எஸ்டியை வைக்க 2.5 அங்குலத் தட்டு இல்லை, இப்போதைக்கு இருபக்க டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். திட்டாதீர்கள்.

திருகாணி:

டேப் போதும். அதில் ஆடுகிற பொருள் ஒன்றும் இல்லை. இமேஜ் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள், இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வராமல் போன 212 கேபி எந்த ஃபைலில் இருக்கிறது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

புதுவரவு:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே போர்டு, சாட்டா மாட்டியாகிவிட்டது, பூட் ஆகிறது, ஆனால் சிடி டிரைவ் காணாமல் போய்விட்டது. கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

நீலத்திரை:

@புதுவரவு, பயாஸில் கம்பேட்டிபிள் என்ற மோடில் வைத்திருப்பீர்கள். அது விண்டோஸ் 98 காலத்துக்கானது, அதில் சாட்டாவுக்கு இடம் கொடுக்க ஐடிஇயில் ஒரு சேனலை மறைத்துவிடும், உங்கள் சிடி டிரைவ் அந்தச் சேனலில்தான் இருக்கும். என்ஹான்ஸ்டுக்கு மாற்றினால் இரண்டும் தெரியும். ஆனால் மாற்றின உடனே 7பி வந்தால் மறுபடி கம்பேட்டிபிளுக்கே போய்விட்டு இங்கே எழுதுங்கள்.

புதுவரவு:

வந்துவிட்டது. சிடி டிரைவ்தான், 7பி இல்லை.